சீயக்காய்க்குப் போகாத எண்ணெய்

“…எண்ணெய்தானே கொழுந்தனாரே? எண்ணெய்க்குச் சீயக்காய் போட்டா போவாதா? எஞ்சினை அக்கு அக்காப் பிரிச்சு மாட்டுத ஆளு நீரு, இது தெரியலையே உமக்கு!”

மதினி இதைச் சொல்லும்போது அவள் இடுப்பில் ஒரு முறம் நிறையச் சீயக்காய்த்தூள் இருந்தது. நான் கைப்பிடிச்சுவரைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீரின் மேல் மயில் கழுத்துப் போல் நிறம் மாறி மாறி ஒரு படலம் மினுங்கியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. வாடைதான் மூக்கில் ஏறியது. டீசல் வாடை. எனக்குத் தெரியாத வாடையா அது?

“வேண்டாம் மதினி” என்று நான் வாயைத் திறப்பதற்குள் முறத்தைக் கவிழ்த்துவிட்டாள்.

சிரிக்காதீர்கள். குற்றாலத்துப் பக்கம் பிறந்தவர்களுக்கு எண்ணெய் என்றால் முதலில் தலைதான் ஞாபகத்துக்கு வரும். சீசனில் வருகிறவன் எல்லாம் உடம்பு முழுக்க எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகிறான், திரும்பி வந்து சீயக்காய் கேட்கிறான். எண்ணெய் பட்ட இடத்துக்குச் சீயக்காய். அவள் ஆயுசு முழுக்கப் பார்த்த வைத்தியம் அது. அன்று சாயந்திரம் வாளி விழும்போதெல்லாம் கிணற்றுக்குள் நுரை பொங்கியது. மறுநாள் காலையில் நுரை அடங்கிவிட்டது. மயில் கழுத்து அப்படியே இருந்தது.

அவள் எனக்கு உறவுமுறை கிடையாது. எதிர்வீடு. அவள் புருஷனை நான் அண்ணாச்சி என்பேன், அதனால் அவள் மதினி, நான் கொழுந்தன். தெருவே அவளை மதினி என்றோ, அவரவர் முறை சொல்லியோதான் கூப்பிடும். பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. இப்போது மட்டும் எதற்கு எழுத வேண்டும்?

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ரோட்டில், மெயின் ரோட்டை விட்டுக் கிழக்கே இறங்குகிற சின்னத் தெரு எங்களுடையது. முக்கில் பெட்ரோல் பங்க். பங்குக்கு அடுத்த வீடு மதினி வீடு. அதிலிருந்து தெரு சரிந்துகொண்டே போய்த் தறிக்கார அண்ணாச்சி வீட்டில் முடியும். எழுபதுகளின் கடைசியில் நான் ஓர் ஆயில் எஞ்சினை வண்டியில் ஏற்றி வைத்துக்கொண்டு வயலுக்கும் கிணற்றுக்கும் வாடகைக்குத் தண்ணீர் இறைத்துப் பிழைத்தேன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. யாராவது ஒரு நல்ல சொல்லைச் சொன்னால் அதை மறக்காமல் வைத்துக்கொள்வேன். அதுதான் என் படிப்பு.

மதினியிடம் அப்படிச் சொற்கள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. “அழுக்கு ஒரு நாள் தங்கினா விருந்தாளி, ரெண்டு நாள் தங்கினா சம்பந்தி” என்பாள். சம்பந்தியாக்கிக்கொள்ள அவளுக்கு இஷ்டமில்லை. எதுவாக இருந்தாலும் அன்றைக்கே, அந்த நிமிஷமே கழுவிவிட வேண்டும். அரிசியைக் கழுவலாம், பருப்பைக் கழுவலாம். மதினி ஒருமுறை உப்பைக் கழுவினாள். கல் உப்பில் மண் கிடக்கிறது என்று சட்டியில் போட்டு அலசு அலசு என்று அலசி, கடைசியில் கையில் மண் மட்டும் மிஞ்சியது. தெருப் பெண்கள் ஒரு மாசம் சிரித்தார்கள். “உப்புக் கழுவுன வீடு எதுன்னு கேட்டா சொல்லுவாவ” என்று வழி கேட்பவர்களுக்கு அடையாளமே ஆகிவிட்டது.

அவள் புருஷன் அண்ணாச்சி செங்கோட்டையில் ஒரு மரக்கடையில் கணக்குப்பிள்ளை. சாது. “என்னை இன்னும் கல்லுல அடிச்சுத் தொவைக்காம வச்சிருக்காளே, அதச் சொல்லுங்க” என்பார்.

சீசன் மாதங்களில் வீட்டின் முன்பாதியைக் குளிக்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவாள். சமைத்தும் போடுவாள். எண்ணெய் முதுகோடு வந்து சுவரில் சாய்கிறவர்களின் பின்னாலேயே சாம்பலும் நாருமாக நிற்பாள். “நீங்க சாஞ்சுக்கிடுங்க, நான் தொடச்சிக்கிடுதேன்” என்பாள். எந்த மனுஷன் அதற்கப்புறம் சாய்வான்?

ஆனால் இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அவள் மகனுடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டுவிட்டது. அந்தக் காலத்தில் மார்க்கெல்லாம் அந்தப் புத்தகத்தில்தான் எழுதித் தருவார்கள். விட்டிருந்தால் ஒரு சின்னக் கறை, அவ்வளவுதான். இவள் ஈரத்துணியால் துடைத்தாள். மை கலங்கியது. கலங்கியதைத் துடைத்தாள். சுண்ணாம்பு தடவித் துடைத்தாள். மகன் வந்து பார்க்கும்போது எண்ணெயும் இல்லை, மார்க்கும் இல்லை, ஹெட்மாஸ்டர் கையெழுத்தும் இல்லை. வேறு புத்தகம் வாங்க அவன் எத்தனையோ மாதம் அலைந்தான். “அவசரப்பட்டுட்டேன்” என்று அவள் சொல்லிக் கேட்டது அந்த ஒரு தடவைதான். அப்போதும், “ஆனா கறை போயிட்டுல்லா?” என்றாள்.

இப்படிப்பட்டவளுடைய கிணற்றில்தான் டீசல் இறங்கியது.

அந்தக் கிணறு வெறும் அவள் கிணறு இல்லை. பங்குனி சித்திரையில் மற்றக் கிணறுகளில் வாளி தட்டும்போதும் அதில் இரண்டு ஆள் ஆழத்துக்குக் குறையாமல் நிற்கும். எங்கள் வீட்டுக் குடிதண்ணீர் அதுதான். அவள் வீட்டுக்கு முன்பாதி வாடகைதான் ஆதாரம், அந்த வாடகைக்குக் கிணறுதான் ஆதாரம். கிணறு போனால் வீடு போன மாதிரி.

முதலில் கண்டுபிடித்தது மதுரையிலிருந்து சீசனுக்கு வந்திருந்த ஒருவர். காப்பியை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, “மண்ணெண்ணெய் வாடை வருதும்மா” என்றார். மதினிக்கு மானம் போய்விட்டது. அடுக்களையில் இருந்த அத்தனை பாத்திரத்தையும் முற்றத்தில் போட்டுச் சாம்பலால் மூன்று தடவை துலக்கினாள். எதைக் கொண்டு கழுவினாளோ அதில்தான் வாடை என்று தெரிய இரண்டு நாள் ஆயிற்று. அதற்குள் மதுரைக்காரர் பெட்டியைக் கட்டிவிட்டார்.

பங்க் முதலாளி ஆள் விட்டுப் பார்த்தார். பூமிக்குள் புதைத்திருந்த டீசல் டாங்கி அடியில் அரித்துப்போயிருந்தது. குற்றாலத்துக்கு வருகிற பஸ்ஸெல்லாம் அங்கேதான் வரிசையில் நின்று டீசல் போட்டன. எவ்வளவு நாளாக ஒழுகிற்றோ, யாருக்குத் தெரியும்? டாங்கியை மாற்றினார்கள். மண்ணில் இறங்கியதை யார் மாற்றுவது?

தெருவே கிணற்றடியில் கூடி ஆளுக்கொரு வைத்தியம் சொன்னது. கரியும் சுண்ணாம்பும் போடு என்றார் ஒருவர். பிளீச்சிங் பவுடர் என்றார் இன்னொருவர். கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்கிற தேத்தாங்கொட்டையை உரைத்து விடச் சொன்னாள் ஒருத்தி. “ஒரு தீக்குச்சியக் கிழிச்சுப் போட்டா எண்ணெ மட்டும் எரிஞ்சு போயிரும்லா?” என்றான் ஒரு வீரன். “போட்டுட்டு நீயும் உள்ள குதி” என்றாள் மதினி. தீக்குச்சி தவிர எல்லாம் அவள் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள். அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியாது.

ஆடி மாதம் எண்ணெய்க் கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான். இன்ஜினியர். இருபத்தைந்து வயது இருக்கும். பேச்சு மெட்ராஸ் பேச்சு. இரும்புத் துளைப்பான் ஒன்றை வைத்துத் திருகித் திருகி, பங்க் முக்கில் கொஞ்சம், மதினி வீட்டு முற்றத்தில் கொஞ்சம், கொல்லையில் கொஞ்சம் என்று மண்ணை எடுத்தான். எடுத்ததை உள்ளங்கையில் வைத்து நசுக்கி மோந்து பார்த்தான். மதினிக்கு அவனை அந்த இடத்தில் பிடித்துப்போனது. மோர் கொடுத்தாள். எங்கள் வீட்டிலிருந்து தண்ணீர் வாங்கி அவனுக்கு அவளே கை கழுவ ஊற்றினாள். அந்தத் தண்ணீரை நாங்கள் தறிக்காரர் வீட்டுக் கிணற்றிலிருந்து கொண்டுவந்திருந்தோம்.

“மூணு வழி இருக்கும்மா” என்றான். “பங்க்லேர்ந்து உங்க வீடு வரைக்கும் எண்ணெய் குடிச்ச மண்ணெல்லாம் தோண்டி எடுத்து, ஒரு பொட்டல்ல மெல்லிசாப் பரப்பி, அப்பப்ப கிளறி விடணும். கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க மண்ணுல இருக்கு, அதுங்க தின்னுடும். அது ஒண்ணு.”

பங்க் முதலாளி தரையைப் பார்த்தார். தோண்டினால் பங்கை மூட வேண்டும். மதினி தன் வீட்டுச் சுவரைப் பார்த்தாள். தோண்டினால் அது நிற்காது.

“ரெண்டாவது, கிணத்துல மேல மிதக்கிறத மட்டும் தினம் தகரத்தால மெல்ல வழிச்சு டிரம்ல சேக்கணும். கீழ ஊத்தக் கூடாது. மூணாவது, கிணத்த மூடி வச்சுட்டு வேற தண்ணிக்கு வழி பாக்கணும். எதைச் செஞ்சாலும் சரி, வத்த மட்டும் இறைச்சிடாதீங்க. கிணறு காலியானா சுத்தி மண்ணுல நிக்கிற டீசல் எல்லாம் இங்கதான் ஓடி வரும். இறைச்ச தண்ணி போற இடமும் கெட்டுப்போகும்.”

“வழிச்சா எத்தன நாளு ஆவும் தம்பி?”

“நாள் இல்லம்மா, வருஷம்.”

“எத்தன வருஷம்?”

“சொல்ல முடியாது.”

மதினி அவனைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. கோபம் இல்லை. வைத்தியன் கைவிரித்ததும் நோயாளியின் அம்மா பார்ப்பாளே, அது. பிறகு சிரித்துவிட்டாள். “நல்ல படிப்பு படிச்ச போ! இறைச்ச கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும். ஒங்க ஊர்ல சொல்ல மாட்டாவளா?”

கூட்டம் முழுக்கச் சிரித்தது. நான்தான் முதலில் சிரித்தேன். உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா? அந்தப் பையன் சொன்னது எனக்குப் புரிந்தது. நான் வயலில் தண்ணீர் இறைக்கும்போது பக்கத்துக் கிணறு இறங்குவதைக் கண்ணால் பார்த்தவன். நிலத்துக்குள் தண்ணீர் எங்கே இழுத்தால் அங்கே ஓடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் பழமொழி நாக்கில் எவ்வளவு இனிப்பாக இருந்தது! எவனோ நல்ல கிணற்றைப் பார்த்துச் சொன்ன சொல், டீசல் கிணற்றுக்குப் பொருந்துமா என்று நான் யோசிக்கவில்லை.

மதினியைக் குறை சொல்லக் கூடாது. எட்டு நாள் வழித்தாள். வாளியின் வாயில் தகரத்தை மடித்துக் கட்டி, கயிற்றைப் பூப்போல இறக்கி, மேல்படலத்தை மட்டும் மொண்டு டிரம்மில் ஊற்றினாள். சாயந்திரம் கிணறு தெளிந்திருக்கும். காலையில் மறுபடி மயில் கழுத்து. ஒன்பதாம் நாள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“தினம் வழிக்கேன், தினம் வருது கொழுந்தனாரே. என்னைக் கேலி பண்ணுது. எஞ்சினைக் கொண்டாரும்.”

“அந்தப் பையன் வேண்டாம்னு சொன்னானே மதினி.”

“அவன் வீட்டுக் கிணறா? ஆவணி பொறக்கதுக்குள்ள கிணறு தெளிஞ்சா சீசன்ல பாதியாவது மிஞ்சும். இல்லேன்னா மெட்ராஸ்ல மவன் வீட்டு மூலையிலதான் நான் கெடக்கணும். அங்க கொழாயில அளந்துல்லா தண்ணி விடுதான்!”

கொண்டுபோனேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கலாம். சாத்தவில்லை.

இரண்டு நாள் எஞ்சின் ஓடியது. எங்கள் ஊரில் இறைத்த தண்ணீரைச் சும்மா ஓட விடுவதற்கு யாருக்கும் மனசு வராது. குளித்த தண்ணீர்கூடத் தென்னை மூட்டுக்குத்தான் போகும். மதினி முதலில் தன் கொல்லைத் தென்னைக்குத் திருப்பினாள். அது நிரம்பி வழிந்ததும் அடுத்த வீட்டுக்காரர் மண்வெட்டியோடு வந்து தன் கொல்லைக்கு வாய்க்கால் வெட்டினார். அவருக்கப்புறம் அடுத்தவர். சரிவுதானே, தண்ணீர் தானாகப் போயிற்று. கடைசியில் தறிக்கார அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் வாழைக்குப் பாத்தி கட்டினார்.

“டீசல் வாட அடிக்கே அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“வாழைக்கு என்ன மூக்கா இருக்கு?” என்றார்.

தரை தெரிய வற்றியதும் ஆள் இறக்கிச் சுற்றுக்கல்லைத் தேய்க்கச் சொன்னாள். இறங்கியவன் தலை சுற்றுகிறது என்று பாதியில் ஏறிவிட்டான். தானே இறங்குகிறேன் என்று சேலையை வரிந்தவளை அவள் புருஷன் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் அவள் கையைப் பிடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு ஊற்றுக்கண் திறந்து தண்ணீர் வந்தது. கண்ணாடி மாதிரி. மதினி ஒரு செம்பு மொண்டு எங்கள் எல்லார் முன்னாலும் குடித்தாள். “பாத்துக்கிடுங்க!” என்றாள். வீட்டுக்கு ஒரு குடமாகத் தெரு முழுக்க அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். இரண்டு நாள் அவள் நடந்த நடையில் பூமி அதிர்ந்தது.

மூன்றாம் நாள் வாளியை இறக்கினால் வாளி நிறைய டீசல்தான் வந்தது. முன்பு மினுங்கும் படலமாக இருந்தது, இப்போது சாண் உயரம். அந்தப் பையன் சொன்ன மாதிரியே, சுற்றி நின்றதெல்லாம் ஓடி வந்திருந்தது.

அதற்கப்புறம் மதினி பேசுவது குறைந்துபோயிற்று. எடுத்து வைத்துக்கொள்ள ஒரு சொல்லும் அவளிடமிருந்து எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து வீட்டைக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு மெட்ராஸுக்கே போனார்கள். இன்று அந்தத் தெருவில் கிணறு என்று ஒன்று கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே சிமெண்ட் பலகைதான். நான் சொல்ல வந்தது அவர்கள் போவதற்கு முன்னால், ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் நடந்ததை.

தறிக்கார அண்ணாச்சி என்னை அழைத்துப்போய்த் தன் கிணற்றைக் காட்டினார். நூலுக்குக் கஞ்சி போட அந்தத் தண்ணீர்தான். நெய்த துணியில் வாடை அடிக்கிறது என்று கடைக்காரன் திருப்பி அனுப்பிவிட்டான். எட்டிப் பார்த்தேன். மயில் கழுத்து.

“எஞ்சினை எடுத்துட்டு வா. எறைச்சிருவோம்” என்றார்.

அப்போதும் நான் எஞ்சினைக் கொண்டுபோனேன். என்ன சொல்லி மறுப்பது? ‘அங்கே இறைத்ததால்தான் இங்கே வந்தது, இறைத்தவன் நான்தான்’ என்று சொல்ல வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. குழாயைக் கிணற்றில் இறக்கி, எஞ்சினைச் சுற்றி ஸ்டார்ட் செய்கிற இரும்புக் கைப்பிடியை மாட்டக் குனிந்தேன். வண்டிச் சத்தம் கேட்டு மதினி தெருவில் ஓடி வந்தாள்.

“எறைக்காதீங்க அண்ணாச்சி.”

தறிக்காரர் திரும்பிப் பார்த்தார். “என்னம்மா சொல்லுத?”

“எறைச்சா இன்னும் வரும். உங்களுக்குக் கீழ இருக்க வயக்காட்டுக் கிணறெல்லாம் போயிரும். உங்க கிணறு கெட்டது என்னாலதான். நான் எறைச்சு விட்ட தண்ணிதான் இங்கன எறங்கிருக்கு.”

எனக்குச் சொல்ல வராததை அவள் சொல்லிவிட்டாள். தறிக்காரர் மனைவி மட்டும் மெல்ல, “நாமளுந்தான பாத்தி கட்டினோம்” என்றாள். அவர் காதில் அது ஏறவில்லை.

“சரி தாயே, கெட்டது கெட்டுப்போச்சு. இப்ப என்ன செய்யச் சொல்லுத?”

“ஒண்ணும் செய்யாதீங்க. மேல மிதக்கத வழிச்சு டிரம்முல ஊத்திட்டு, சும்மா இருங்க.”

“சும்மா இருக்கணுமா?” பின்னால் நின்றவர்களில் ஒருவன் சிரித்தான். “ஏலே, உப்பக் கழுவுன மதினி சொல்லுதா, சும்மா இருக்கணுமாம்!”

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். தறிக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “எத்தன வருஷம் சும்மா இருக்கணும்?” என்று கேட்டார்.

“சொல்ல முடியாது” என்றாள் மதினி.

“அப்ப தறியை என்ன செய்ய? விட்டத்துல தொங்க விடவா? நீ வீட்டுக்குப் போம்மா. ஏல, எஞ்சினைச் சுத்து.”

மதினி என்னைப் பார்த்தாள். நான் சுற்றவும் இல்லை, கைப்பிடியைக் கீழே வைக்கவும் இல்லை. அவள் என் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள். பிடுங்கினாள் என்பதுகூடச் சரியில்லை, நான் விட்டுக்கொடுத்தேன். அதை எடுத்துக்கொண்டு தெருவின் மேட்டில் ஏறி நடந்தாள். நாங்கள் பின்னாலேயே கத்திக்கொண்டு போனோம். பக்கத்து ஊரான இலத்தூரில் இன்னோர் எஞ்சின் வாடகைக்குக் கிடைக்கும், நாளைக்குக் காலையில் தறிக்காரர் அதைக் கொண்டுவந்துவிடுவார் என்பது எங்களுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

தன் கிணற்றடிக்குப் போய், கைப்பிடியை உள்ளே போட்டாள். கையெல்லாம் எஞ்சின் கரி. பழக்கத்தில் வாளிக் கயிற்றுக்குக் கையை நீட்டினாள். நீட்டியவள் நிறுத்தி, எங்கள் எல்லாருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, அந்தக் கரியைத் தன் சேலையிலேயே துடைத்தாள்.